பழவேற்காட்டில் கோழி வேண்டாம் என்றவர்

திருவள்ளூரிலிருந்து பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போவது எப்படி என்று போன பதிவின் பின்னூட்டத்தில் நாலு பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவர், "அக்கா, ஊர் ஊராகச் சுற்றுகிறீர்கள், சொந்த மாவட்டத்தை மறந்துவிட்டீர்களே" என்று குத்திக்காட்டியும் இருந்தார். மறக்கவில்லை ஐயா. போய்விட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஒன்று சிரிப்பு வந்தது, இல்லாவிட்டால் கோபம் வந்தது. இரண்டும் கொஞ்சம் அடங்கிய பிறகு இப்போது எழுதுகிறேன்.

போனது 2007 ஜனவரி, பொங்கலுக்கு அடுத்து வந்த வியாழக்கிழமை. காரணம் இரண்டு. என் கணவர் பாபு காக்களூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனிக்கு மாதிரி மூடிகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. அது முதல் காரணம். மறுநாள் வெள்ளிக்கிழமை சென்னையில் அவருக்கு மருந்து ஏற்றும் நாள் என்பது இரண்டாவது. அதற்கு முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் அன்றைக்கு எங்கேயாவது ஊர் சுற்றிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

என்ன மருந்து என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு 2005-ல் லிம்போமா வந்தது. நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு இருந்த கட்டி கீமோவில் கரைந்தது. திரும்பி வராமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிபாடி மருந்தை மட்டும் டிரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆன்டிபாடி என்றால் வேறொன்றும் இல்லை, கிருமி வந்தால் நம் உடம்பே செய்துகொள்கிற பொருள்தான். இது தொழிற்சாலையில் செய்தது. புற்று எந்த வகை அணுவில் வந்திருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு, 'இவன்தான் ஆள்' என்று காட்டிக்கொடுக்கும். மீதி வேலையை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு கூத்து. அந்த மருந்தில் ஒரு பகுதி எலியிடமிருந்து வந்தது, மீதி மனிதனுடையது என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். நான் முகத்தைச் சுளித்தேன். பிள்ளையாரை ஒரு சுற்றுச் சுற்றாமல் பட்டறையைத் திறக்காத இவரோ, "அப்போ பிள்ளையாரே வண்டி அனுப்பிச்சிக்கீறாரு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மூஞ்சூறு மருந்து என்றுதான் பெயர். இவருக்கு எலிக்காரர் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பூனை எதிரே வந்தால் வேண்டுமென்றே ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை ஆறரைக்குத் திருவள்ளூர் பஸ் நிலையத்தில் பெரியபாளையம் பஸ் பிடித்தோம். கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு ஒன்பது ரூபாய், ஒரு மணி நேரம். இடதுபக்கம் உட்காருங்கள், வலதுபக்கம் காலை வெயில் கண்ணைக் குத்தும். வழியெல்லாம் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையிலேயே வைக்கோலைப் பரப்பி வைத்திருந்ததால் பஸ் அதன்மேல் மெத்தையில் போகிற மாதிரி போனது.

பெரியபாளையத்தில் நாஷ்டா. இட்லியும் வடகறியும், இருவருக்கும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். சாப்பிட்டுவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனோம். வாசல் கடைகளில் மெல்லிய தகட்டில் கை, கால், கண், முழு ஆள் என்று உருவம் அடித்து விற்பார்கள். உடம்பில் எந்த இடம் நொந்து குணமானதோ அதை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவது இங்கே வழக்கம். இவர் கழுத்து இருக்கிறதா என்று தேடப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு ஜோடிக் கையும் ஒரு ஜோடிக் காலும் வாங்கினார்.

"யாருக்குங்க?" என்றேன்.

"பட்டறையில முருகனுக்கு. முட்டி வலி, ரொம்பப் பேஜாரா கீதுன்னு சொல்லிக்கினு இருந்தான்."

முருகன் இருபத்தைந்து வயதுக்காரன், மிஷினைத் தனியாகத் தூக்கி நகர்த்துகிற ஆள். அவனுக்கு என்ன முட்டி வலி என்று ஒரு நொடி தோன்றியது. அவற்றை அம்மனுக்குச் செலுத்திவிட்டு வெளியே வருவதற்குள் கும்மிடிப்பூண்டி பஸ் வந்துவிட்டது, ஓடினோம்.

ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை வழியாக ஒன்றேகால் மணி நேரம். பதினோரு ரூபாய். தொழிற்பேட்டையைச் சுற்றுலா இடம் என்று நான் சொல்லமாட்டேன். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை, வரிசையாக லாரி, சாலையோரம் பரோட்டாக் கடை. ஆனால் ஒரு கம்பெனி வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நேரம் போவதே தெரியாது. ஒடியாவிலும் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை நடக்கும். டீக்கடைக்காரர் மூன்றிலும் பாக்கி கேட்பார்.

இவர் உள்ளே போய் முக்கால் மணி கழித்து வெளியே வந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"சாம்பிள் பாஸு! டப்பாவைக் கவுத்துப் போட்டுப் பாத்தாங்க கலா, ஒரு சொட்டு ஒழுகல."

அந்தச் சந்தோஷத்தில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆளுக்கு ஐந்து ரூபாய். ஓட்டியவர் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி ஆந்திரா வாசனை. வழியில் ஒரு கோழிக்கடையைக் காட்டினார்.

"அது என் மச்சான் கடைதான் நைனா. போன வருசம் ரெண்டு மாசம் ஈ ஓட்டிக்கினு உக்காந்திருந்தான். சிக்கன் குனியா, சிக்கன் குனியான்னு ஒருத்தன் கோழியத் தொடல. அவ்ளோ டப்பும் போச்சி."

நான் சிரித்துவிட்டேன். போன வருடம் எங்கள் மாவட்டத்தையே முடக்கிப்போட்ட காய்ச்சல் அது. தெருவுக்குத் தெரு ஆட்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெயரில் சிக்கன் இருப்பதாக நினைத்துக்கொண்டு பலபேர் கோழியை விட்டார்கள்.

"அது சிக்குன்குனியாப்பா. கொசு கடிச்சி வர்றது. கோழிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது" என்றேன், வகுப்பில் சொல்கிற குரலில்.

"இத்த என் மச்சான் கிட்ட சொல்லும்மா. போர்டு எழுதி மாட்டிக்குவான்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் வெளியே போகும் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், இருபது நிமிடம். மத்தியான நேரத்தில் கூட்டமே இருக்காது, ஜன்னலோரம் நிச்சயம். பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் கொஞ்ச தூரம், ஆட்டோவில் இருபது ரூபாய் கேட்டார்கள், நாங்கள் நடந்தோம். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். கடைசி அரைமணி ஜன்னல் வழியாக உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். இவர் நன்றாகத் தூங்கினார். நான் மறுநாளை நினைக்காமல் இருக்க, வழியில் தெரிந்த பறவைகளை எண்ணப் பார்த்துத் தோற்றுப்போனேன்.

பழவேற்காட்டில் எங்களுக்கு ஹனீபா பாய் இருக்கிறார். நண்டு, கருவாடு வியாபாரம். எறா ஊறுகாய் பாட்டிலுக்கு மூடி வாங்கப் பட்டறைக்கு வந்து, இவரோடு பழகி, குடும்பமாகிவிட்ட மனிதர். அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் கோழி பிரியாணி தம் போட்டுவிட்டார். கூடவே எறா வறுவல். வீட்டுக்குள் காலை வைத்தபோதே வாசனை இழுத்தது.

அக்கா தட்டில் பிரியாணியைக் குவித்து, மேலே பெரிய தொடைத் துண்டாகப் பார்த்து வைத்தார். இவர் அதை மெதுவாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"அக்கா, கோழி வேணாம். எறா போதும்."

என் கை வாய்க்குப் போகாமல் நின்றது. இவர் கோழி வேண்டாம் என்று சொல்வது, பிள்ளையார் கொழுக்கட்டை வேண்டாம் என்று சொல்வது மாதிரி. வீட்டில் கோழி எடுக்காமல் நாளாகிவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மீன் வாங்கி வந்தார், எறா வாங்கி வந்தார், ஆட்டுக்கால் கூட வாங்கி வந்தார்.

"இன்னா தம்பி, உடம்புக்கு ஆவலியா?" என்றார் பாய்.

"இல்ல பாய். எனக்கு வந்து போனதுலேர்ந்து விட்டுட்டேன்."

"இன்னா வந்து போச்சி?" இது நான்.

இவர் சோற்றைப் பிசைந்தார். "அதான்... சிக்கன் குனியா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய்க்கோ ஏக சந்தோஷம். கூட்டாளி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"உனக்குமா! சொல்லவே இல்ல பாத்தியா! இத்தப் பாரு." வலது கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார், பாதிதான் மடங்கின. "நாலு மாசமாவுது. காலையில பிரஷ்ஷப் புடிக்க முடியல. கீழ உக்காந்தா எழுந்திருக்க ரெண்டு ஆளு வேணும். ஊட்ல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாருக்கும் வந்துச்சி. உனக்கு எத்தினி நாளு இருந்துச்சி?"

"ஆறேழு நாளு. அப்புறம் சுத்தமா போயிடுச்சி."

"சுத்தமாவா? வலியே இல்லியா? குடுத்து வெச்சவன்யா நீ."

"எப்போ?" என்றேன்.

"நீ கோயமுத்தூர் போயிருந்தியே, தங்கச்சி பிரசவத்துக்கு, அப்போ."

அக்டோபர் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மருந்து ஏற்றி முடித்து, இவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைதான் நான் கோயமுத்தூர் ரயில் ஏறினேன். காய்ச்சல் எந்தக் கிழமை வந்தது என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு என்றார். வெள்ளியிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள்.

டாக்டரம்மா முதல் நாளே இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால் அது வேறு, நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தோலில் தடிப்பு என்று வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள். அதைத்தான் சொன்னார். இவரும் தலையை ஆட்டினார்.

"தடிப்பு வந்துச்சா?"

"வயித்துலயும் தொடையிலயும் திட்டுத் திட்டா. அம்மையோன்னு பயந்து பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினேன்."

அப்போ முருகனுக்கு முட்டி வலி இல்லை! காலையில் வாங்கிய கையும் காலும் இவருடையதுதான். பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பதிவை யாரும் குடும்பத்தோடு படிக்க முடியாது.

"டாக்டர் கிட்ட போனீங்களா இல்லியா?"

"போனேன். நம்ம தெரு முனை கிளினிக்குலதான். அன்னிக்கு இருபது பேரு வரிசையில நின்னாங்க, அத்தினி பேருக்கும் காய்ச்சலு, முட்டி வலி. என்னையும் பாத்தாரு, ஊசி ஒண்ணு, வெள்ளையா சின்ன மாத்திரை அஞ்சு நாளைக்கு. மறுநாளே எழுந்து நடந்தேன்."

"மூஞ்சூறு மருந்து போட்டுக்கினு இருக்கறதைச் சொன்னீங்களா?"

"அவரு கேக்கல. நான் சொல்லல."

நூர்ஜஹான் அக்கா என் தோளில் கைவைத்து, "மொதல்ல சாப்புடும்மா, அப்புறம் திட்டலாம். வெறும் வயித்துல திட்டினா மயக்கம் வரும்" என்றார். நல்ல யோசனைதான். சாப்பிட்டேன். கோபத்திலும் அந்தப் பிரியாணி இறங்கியது என்பதை அக்காவின் கைமணத்துக்குச் சான்றாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போய்ப் படகுகளுக்கு நடுவே நின்று மருத்துவமனைக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா வர ஐந்து நிமிடம் ஆனது. விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு வாங்க. ஆனா நான் பாக்காம டிரிப் ஏத்த விடாதீங்க. நர்ஸ் கிட்டயும் சொல்லிடறேன். இப்போ எங்க இருக்கீங்க?"

"பழவேற்காடு ஏரிக்கரைல டாக்டர்."

"பூநாரை வந்திருக்கா?"

"வந்திருக்குன்னு சொல்றாங்க."

"அப்போ பாத்துட்டு வாங்க. இன்னிக்குச் செய்ய வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியுமா? படகு எடுத்தோம். நானூறு கேட்டார்கள், முந்நூறுக்கு முடிந்தது, ஒன்றரை மணி நேரம். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஏரி பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். தூரத்தில் பூநாரைகள் தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்து நின்றன, சின்னப் பிள்ளைகள் தொலைத்த காசைத் தேடுகிற மாதிரி. ஒன்று பறக்க ஆரம்பித்தால் எல்லாம் பறக்கும். இறக்கை விரிந்தால் உள்ளே ரோஜா நிறம். அதைப் பார்க்க மட்டும் இன்னொரு தரம் போகலாம்.

நான் பறவையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ஏன் சொல்லல?"

இவர் குடையைச் சுருக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க கலா. நிறுத்தினா கழுத்துல திரும்ப வந்துடும். எனக்கு பயமா இருந்துச்சி."

"அப்போ உங்களுக்குத் தெரியும். அது சிக்குன்குனியா இல்லன்னு தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சி. அந்தம்மா பத்து நாள்னு சொன்னது காதுலயே நின்னுச்சி. அப்புறம் கிளினிக்குல அத்தினி பேரைப் பாத்தேனா, நானும் அவங்கள்ல ஒருத்தன்னு வெச்சிக்கினேன். இது ஊருக்கே வந்தது, எனக்குன்னு தனியா வந்ததில்லன்னு. ஊர்ல எல்லாரும் கோழிய விட்டாங்க. நானும் விட்டேன். விட்டா எனக்கு வந்ததும் அதுதான்னு ஆயிடும் இல்ல?"

கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் அவ்வளவு பிடித்த கோழியை ஒரு பொய்க்குச் சாட்சியாக மூன்று மாதம் விட்டிருக்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. படகில் அழுவது சிரமம், கைப்பிடிக்க இடமில்லை. படகுக்காரர் நல்லவர். "அந்தப் பக்கம் பாருங்கம்மா, கூழக்கடா" என்று ஒன்றுமே இல்லாத திசையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பொன்னேரி வந்து, ரயிலில் சென்னை. டிக்கெட் ஒன்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பெரம்பூரில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா இவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டையை இவர் பர்ஸில் இன்னும் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும், "ஸ்டீராய்டு. அதான் மறுநாளே எழுந்து நடந்திருக்கீங்க" என்றார். பிறகு விளக்கினார்.

"கீமோ நடந்தப்போ உங்க எதிர்ப்புச் சக்தி படுத்துக் கிடந்தது. எலிப் பகுதி உள்ள வந்தது அதுக்குத் தெரியல. இப்போ தெளிஞ்சி எழுந்திருச்சி. எழுந்ததும் இது நம்ம ஆள் இல்லியேன்னு பாத்து, மருந்துக்கு எதிராவே ஆன்டிபாடி செஞ்சிருக்கலாம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கூட்டமா போய் மூட்டுல, தோல்ல உக்காரும். அதான் வலி, அதான் தடிப்பு."

"அப்போ இன்னிக்கு?" என்று இவர் கேட்டார்.

"இன்னிக்கு ஏத்தினா, போன தடவைய விடச் சீக்கிரம் வரும், கடுமையா வரும். மூச்சுத் திணறல் கூட வரலாம். அதை விடுங்க, அப்படியே தாங்கினாலும் மருந்தை உங்க உடம்பு கட்டி இருக்கற எடத்துக்குப் போகவே விடாது. வழியிலயே புடிச்சி வெளிய தள்ளிடும். நீங்க மறைச்சிக் காப்பாத்த நெனச்ச மருந்து உங்களுக்கு வேலையே செய்யாது சார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

அன்று மருந்து ஏற்றவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். சிக்குன்குனியா வந்து போன அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சிக்குன்குனியாவின் அடையாளமும் இல்லை.

"இந்த ரத்தப் பரிசோதனைய வெச்சி நூத்துக்கு நூறு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்தே ஆன்டிபாடி செய்யற அணுக்களைக் குறைக்கும், அதனால அடையாளம் விழாமலும் போயிருக்கலாம். ஆனா ஒன்பதாம் நாள் வந்திருக்கு, தடிப்போட வந்திருக்கு, ஸ்டீராய்டுக்கு உடனே கேட்டிருக்கு, சுத்தமா போயிருக்கு. எல்லாம் பொருந்துது. இனிமே இந்த மருந்து உங்களுக்கு வேணாம். சும்மா கண்காணிச்சிக்கிட்டு இருப்போம். மாசத்துக்கு ஒரு தடவை வீட்லயே கழுத்தைத் தடவிப் பாருங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க. திரும்ப வந்தா வேற வழி இருக்கு."

பிறகு சிரித்தார். "ஒரு நல்லதும் இருக்கு. எலியைக் கண்டுபிடிக்கற அளவுக்கு உங்க உடம்பு தேறியிருக்கு பாருங்க."

வெளியே வந்ததும் இவர் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றார். "வண்டியத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். பிறகு அவரே, "போனா போவுது, வண்டிக்காரர் நம்மகூடதான் கீறாரு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இனி போகிறவர்களுக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் இருக்கும், அதிகாலை போவது நல்லது. எங்களைப் போல கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து நேராகப் பொன்னேரிக்கு ரயிலும் அங்கிருந்து பஸ்ஸும் போதும். பொன்னேரிக்குத் திரும்ப மாலை பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறுமுன் விலை பேசிவிடுங்கள், உயிர்காப்பு உடை கேளுங்கள், இல்லை என்றால் ஏறாதீர்கள். பெரியபாளையம் வழியாகப் போனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், கூட்டம் தள்ளும். இந்த மாதிரி மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஊருக்கே வந்த காய்ச்சல் என்று தோன்றினாலும் முதல் போன் அவர்களுடைய டாக்டருக்குப் போகட்டும். பார்க்கிற புது டாக்டரிடம், அவர் கேட்காவிட்டாலும், என்ன மருந்து ஏறுகிறது என்று சொல்லிவிடுங்கள். கூட வருகிறவர் தனக்கு உயிரான சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினால், பறவை எங்கேயும் போகாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஏன் என்று கேளுங்கள்.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி பழவேற்காடு போனோம். ஹனீபா பாயின் விரல் இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. நூர்ஜஹான் அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "கோழியா, எறாவா?" என்று ரொம்ப ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"ரெண்டும் வைங்க அக்கா. மூணு மாச பாக்கி கீது" என்றார் இவர்.

சாப்பிட்டு முடித்து ஏரிக்கரையில் நின்றோம். கட்டி வந்த நாளிலிருந்து இவர் கழுத்தை யாரும் தொட விடமாட்டார். தூக்கத்தில் என் கை பட்டால்கூடத் தட்டிவிடுவார். அன்று தானாகவே என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார்.

"மாசம் பொறக்கப் போவுது. பாரு."

காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், காறை எலும்பு வரைக்கும், டாக்டரம்மா காட்டிக்கொடுத்த மாதிரி இரண்டு பக்கமும் மெதுவாக விரலை ஓட்டினேன். தோலும் நரம்பும் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தேன்.

"இன்னா டீச்சர்?" என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "சாம்பிள் பாஸா?"

"பாஸுங்க" என்றேன். கையை எடுக்கத்தான் மனசு வரவில்லை.